உதடு குவியாத ஒலியோடு எண்ணூரிலிருந்து துறைமுகம் வரை

திருவொற்றியூர் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது காலை ஏழு மணி நாற்பது நிமிஷம். திருச்சியிலிருந்து எழும்பூர் வரை ஒரு ராத்திரி, எழும்பூரிலிருந்து ராயபுரத்துக்கு டிராம், ராயபுரத்திலிருந்து இன்னொரு ரயில் என்று மூன்று வண்டி மாறி வந்திருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷத்துக் கோடை விடுமுறை அது. பன்னிரண்டு நாள் மைத்துனன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது, கடலில் குளிப்பது, கோயிலைப் பார்ப்பது, பிறகு பட்டணம் பார்த்த மிதப்போடு ஊர் திரும்பிச் சக தமிழாசிரியர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வது என்பதுதான் என் திட்டம்.

மைத்துனன் சுந்தரம் அந்த ஊர் மருந்துச் சாலையில் டாக்டர். பிளாட்பாரத்தில் கையில் மருந்துப் பையோடு நின்றான். முகச் சவரம் செய்து இரண்டு நாளாகியிருக்கும்.

"அத்தான், பெட்டியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். நீங்கள் இப்படியே என்னோடு எண்ணூர் வரவேண்டும்."

"பல் விளக்கவாவது விடுவாயா?"

"ஸ்டேஷன் குழாயில் விளக்கிக்கொள்ளுங்கள்" என்றான். அவன் விளையாடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க நேரமில்லை என்று எட்டேகாலுக்கு ஜட்கா ஏறினோம். எண்ணூர் ஐந்து மைல். வண்டிக்காரன் எட்டணா கேட்டு ஆறணாவுக்கு இறங்கினான். போகும் வழியில் சுந்தரம் விஷயத்தைச் சொன்னான். மூன்று நாளைக்கு முன்பு முகத்துவாரக்குப்பத்து மீனவர்கள் கடலில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்த வெள்ளைக்காரன் ஒருவனைக் கட்டுமரத்தில் ஏற்றிக் கரை சேர்த்திருக்கிறார்கள். எந்தக் கப்பலிலிருந்து விழுந்தான் என்று தெரியவில்லை. வலது கை நசுங்கிப் போயிருந்தது. இப்போது உள்ளங்கையில் சீழ் கோத்துவிட்டது. கீறிச் சுத்தம் செய்தால் பிழைப்பான். இன்று பொழுது சாய்வதற்குள் செய்யாவிட்டால் விஷம் தோளுக்கு ஏறிவிடும், அப்புறம் ஆளே தங்கமாட்டான். ஆனால் கத்தியைக் கண்டால் அவன் மதம் பிடித்தவன்போல ஆகிவிடுகிறான். நேற்று நான்கு பேர் பிடித்தும் முடியவில்லை; ஒருவனுக்குப் பல் போயிற்று.

"அவனிடம் யாராவது இரண்டு வார்த்தை சொன்னால் போதும் அத்தான். அவன் பேசுவது என்ன பாஷை என்றே ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கிலீஷ் இல்லை, பிரெஞ்சு இல்லை, போர்த்துகீசும் இல்லை. ரங்கூன் போய்வந்த ஒருவன் பர்மாக்காரர் பேச்சில்கூடக் கேட்டுப் பார்த்துவிட்டான். போலீசார் துறைமுகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். பதில் வர ஒரு வாரமாகுமாம்."

ஜட்காக்காரன் திரும்பிப் பார்த்தான். "அந்த ஊமத் தொரையப் பாக்கவா சாமி போறீங்கோ?"

"ஊமையா? பேசுகிறானாமே!"

"பேசிகினேதான் கீறான். ஒருத்தருக்கும் புரியலன்னா ஊமதானே?" என்று சொல்லிவிட்டுக் குதிரையை அதட்டினான்.

சுந்தரம் என்னை ஏன் இழுத்துக்கொண்டு போகிறான் என்பதை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருஷம் எங்கள் கல்லூரிக்கு ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் வந்து ஆறு வாரம் ஒலி நூல் பாடம் நடத்தினார். ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்து, எங்கள் வாயை நாங்களே பார்க்கச் சொன்னார். ஒருநாள் நான் 'பாட்டு', 'காடு', 'கிழக்கு' என்று வாசித்தபோது நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். அந்தச் சொற்களின் முடிவில் நாம் உகரம் என்று எழுதுகிறோமே, வாய் அங்கே உகரமா சொல்கிறது? உதடு குவிவதில்லை. இகரத்துக்குப்போல் விரிவதுமில்லை. நாக்கு முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் வாய்க்கு நடுவில் மேலெழுந்து நிற்கிறது. நம் இலக்கணக்காரர்கள் குற்றியலுகரம் என்று பெயர் வைத்துவிட்டுப் போன அந்தக் குட்டி ஒலியும், அதற்கு மிக நெருங்கிய உறவு ஒலிகளும் உலகத்தில் வேறு எங்கெங்கே உண்டு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார். நான் அதை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். குடும்பத்தில் எல்லோரும் அந்தப் புத்தகத்தைக் கேலி செய்தார்கள். முன்வரிசையில் நின்று கேலி செய்தவன் இதே சுந்தரம்.

ஒன்பதரைக்கு எண்ணூர். அங்கிருந்து உப்பளங்களை ஒட்டி மணலில் ஒன்றரை மைல் நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். பிறகு சூடு பொறுக்காமல் மறுபடி போட்டுக்கொண்டேன். பத்தேகாலுக்கு முகத்துவாரத்தை அடைந்தோம். ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஐம்பது அறுபது குடிசைகள், வெளியே காயப்போட்ட வலைகள், கருவாட்டு வாசனை. அவனைக் கரை சேர்த்த எட்டியப்பனின் குடிசையில்தான் அவன் படுத்திருந்தான். எட்டியப்பனின் மனைவி அம்மாக்கண்ணு வாசலில் கூடையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள். தினமும் ரயிலில் ராயபுரம் போய், துறைமுகத்து வாசலில் விற்கிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"வா வாத்தியாரே. டாக்டர் நைனா சொல்லிச்சு. மூணு நாளா அதே நாலு வார்த்ததான். எனுக்கே மனப்பாடமாப் பூட்சு. சோத்த வச்சா தின்னமாட்டேங்குது. ஒரே பேஜாரா கீது."

உள்ளே போனேன். செம்பட்டைத் தாடியும் கதவை அடைக்கிற தோளுமாக ஓர் ஆள். வலது கையை வேப்பிலையும் துணியும் போட்டுச் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தான். ஜுரத்தில் கண் இரண்டும் சிவந்திருந்தன. சுந்தரத்தின் பையைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

நான் அவன் வாயையே பார்த்தேன். சொன்னதையே சொன்னான். அந்த வாக்கியம் எழுத்தில் 'நும் தயாத்ஸ் முனா' என்று ஏறக்குறைய வரும். ஆனால் அந்த 'மு'வை உதட்டைக் குவிக்காமல் சொல்லிப் பாருங்கள். 'பாட்டு' என்பதன் கடைசி ஒலியை வெட்டி எடுத்து, மகரத்துக்குப் பின்னால் வைத்து, அங்கே ஓர் அழுத்தம் கொடுங்கள். அதுதான்! நம்மிடம் சொல்லின் கடைசியில் ஒதுங்கி நிற்கிற ஒலி, அவன் வாயில் சொல்லின் நடுவே நிமிர்ந்து நின்றது.

"சுந்தரம், இது நம்முடைய ஒலியப்பா!" என்று கத்திவிட்டேன்.

குறிப்புப் புத்தகத்தைப் பிரித்தேன். ரஷ்யா, ருமேனியா, வேல்ஸின் வடபாகம், அபிசீனியா, காஷ்மீரம், தென்னமெரிக்காவில் பராகுவே. பராகுவேக்கும் காஷ்மீரத்துக்கும் கடலே கிடையாது. அபிசீனியன் என்றால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். வேல்ஸ்காரன் கப்பலில் வேலை செய்துகொண்டு இங்கிலீஷ் தெரியாமல் இருக்கமாட்டான். மீதி ரஷ்யா, ருமேனியா. உலகம் பூராவையும் கருங்கடலின் ஒரு கரையில் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. வாழ்க்கையில் முதல்தடவையாக என் படிப்பு எதற்கோ பயன்பட்டது என்று கர்வப்பட்டேன். அதற்குள் சுந்தரம், "சரி, ரஷ்யாக்காரனுக்கோ ருமேனியாக்காரனுக்கோ எங்கே போவது?" என்று கேட்டான்.

துறைமுகத்துக்குத்தான் போகவேண்டும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவன் வார்த்தைகளை நான் தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னேன். உடனே ஒத்திகையாக உரக்கச் சொல்லியும் காட்டினேன். அம்மாக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அத்து இல்ல வாத்தியாரே. நீ சொல்றது பள்ளிக்கூடத்துப் பாஷ. அது இப்டிச் சொல்லுது" என்று ஒருதடவை சொன்னாள். நோயாளி சட்டென்று தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.

பதினொன்று இருபது வண்டிக்கு எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் இரண்டேகால் அணா. அம்மாக்கண்ணு எதிரே கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவள் வாய் அந்த வாக்கியத்தையே மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் வியாசர்பாடிக்காரர் ஒருவர், "இன்னாம்மா, மந்திரமா?" என்று கேட்டார்.

"ஆமா. ஒரு மனுசனுக்குக் கட்டவேண்டிய மந்திரம்" என்றாள். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "அது செத்துப் பூட்சின்னா எங்க வூட்டுக்காரு கடலுக்கே போவாது வாத்தியாரே. கடல் குடுத்த ஆளக் கரையில சாவ வுட்டோம்னு ஆயிடும்ல? நேத்துலேர்ந்து கட்டுமரத்தத் தொடவே இல்ல. இது அடுத்த வூட்டு மீனு" என்றாள். அதுவரை எனக்கு இது என் படிப்புக்கு வந்த பரீட்சையாகத்தான் தோன்றியது. அவள் சொன்னபிறகு நானும் அவளோடு சேர்ந்து அந்த வாக்கியத்தை முணுமுணுக்க ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு ராயபுரம். துறைமுகத்து வாசல் காவலாளிக்கு அம்மாக்கண்ணு இரண்டு வவ்வால் மீனை இலையில் சுற்றிக் கொடுத்தாள். அவன் எங்கள் இருவரையும் பார்க்காததுபோல வானத்தைப் பார்த்தான்.

உள்ளே அன்றைக்கு அந்நியக் கப்பல்கள் மூன்று. மண்ணெண்ணெய் இறக்கிய கப்பல்மேல்தான் என் நம்பிக்கையெல்லாம். மண்ணெண்ணெய் கருங்கடல் பக்கத்திலிருந்து வருவது என்று பூகோளப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். கப்பலுக்குக் கீழே நின்று, கையைக் குவித்து வாயில் வைத்து, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். மேலே எட்டிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் சீனர்கள். ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பூகோளப் புத்தகம் எழுதியவனைத் திட்டிக்கொண்டே நகர்ந்தேன்.

இரண்டாவது, இரும்புச் சாமான் ஏற்றிவந்த ஜெர்மன் கப்பல். அங்கேயும் கத்தினேன். தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் என்னை மதப் பிரசங்கி என்று நினைத்தாரோ என்னவோ, போ போ என்று கையை ஆட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. மணி ஒன்றரை. தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. அது போதாதென்று, இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குத் திருத்தமான உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்துப் பழகிய இந்த வாய், கத்தும்போதெல்லாம் உதட்டை நன்றாகக் குவித்து முழு உகரமாகவே வீசிக்கொண்டிருந்தது. கைக்கண்ணாடிக்கு முன்னால் சாந்தமாக வருகிற ஒலி, கத்தினால் ஓடிப்போயிற்று.

"தள்ளிக்கோ வாத்தியாரே" என்றாள் அம்மாக்கண்ணு.

"நீயே சொல்லு தாயே."

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். "சும்மா நின்னுகினு கூவ வரமாட்டேங்குது. கூடயத் தூக்கிவுடு."

கூடையை அவள் தலையில் ஏற்றிவிட்டேன். மீன் தண்ணீர் என் சட்டையில் வழிந்தது. கூடை ஏறியதுமே அவள் கழுத்து நிமிர்ந்தது, இடுப்பில் கை போயிற்று. அடிவயிற்றிலிருந்து கிளம்பியது ஒரு குரல். 'நும் தயாத்ஸ் முனாஆஆ... யேஏஏய்!' ஒலி அச்சு அசலாக இருந்தது. ஆனால் மீன் கூவுகிற அந்த வாலும் சேர்ந்தே வந்துவிட்டது. உடனே ஜெர்மன் கப்பலின் சமையலறைப் பக்கமிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கிற்று. உள்ளே சில்லறை கிடந்தது. அவளும் கொஞ்சமும் யோசிக்காமல் நான்கு கொடுவா மீனை எடுத்துப் போட்டுவிட்டாள்.

"அம்மா! நாம் மீன் விற்கவா வந்தோம்?"

"இன்னா பண்றது வாத்தியாரே, கூட தலைல ஏறிச்சின்னா வாயி தானா இழுக்குது."

"அந்த வாலை வெட்டிவிட்டுச் சொல்லு."

முயன்றாள். வாலை வெட்டினால் குரலே எழும்பவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, எப்படியாவது கூவு என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது கப்பல் கடைசி மேடையில் நின்றது. கிரேக்கக் கொடி, பதனிட்ட தோல் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. அவள் கூவினாள். கம்பியோரம் நின்ற இரண்டு பேர் மீன் வேண்டாம் என்று சைகை செய்தார்கள். மறுபடி கூவினாள். ஒன்றுமில்லை. நான் நிழலில் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து, சுந்தரத்திடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவள் மூன்றாவது தடவை கூவினாள். அந்த 'யேஏஏய்' கப்பல்மேல் நிற்கிற பெரிய காற்றுக் குழாய்களின் வாயில் புகுந்து, அடியில் கொதிகலன் வரைக்கும் இறங்கியிருக்கவேண்டும். ஏனென்றால் அடியிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். தலை முதல் கால் வரை கரி. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, எங்களை நோக்கி என்னவோ கத்தினான். அவன் கத்தியதில் இரண்டு இடத்தில் அந்த ஒலி இருந்தது.

நான் கட்டின்மேலிருந்து எழுந்தேனா விழுந்தேனா என்று தெரியாது. அவன் படிக்கட்டில் தடதடவென்று இறங்கிவந்து அம்மாக்கண்ணுவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

"யோவ்! கைய எடுய்யா!" என்றாள் அவள். கூடை ஆடிற்று. அவன் கையை எடுத்துவிட்டு, அவள் கூவிய வாக்கியத்தைத் தானே ஒருதடவை சொல்லி, ஒரு கையை இன்னொரு கை மணிக்கட்டின்மேல் வைத்து, வெட்டுவதுபோல் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பிறகு அரைகுறை இங்கிலீஷில், "கை வெட்டாதே. என் கை வெட்டாதே. யார் சொன்னது? என் தேசத்து ஆள் எங்கே?" என்று என்னைக் கேட்டான்.

என் கையை வெட்டாதீர்கள். மூன்று நாளாக அந்த மனிதன் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். சீழைக் கீற எடுத்த கத்தியைக் கையை எடுக்க வந்த கத்தி என்று நினைத்துக் கெஞ்சியிருக்கிறான். சுந்தரமோ நான்கு பேரை விட்டு அமுக்கிப் பிடித்திருக்கிறான். அம்மாக்கண்ணுவுக்கு நான் இதைச் சொன்னதும் அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கரிக்காரன் ருமேனியாக்காரன். அவன் கப்பல் மறுநாள் விடியற்காலையில் புறப்படுகிறது. கேப்டன் மீசையைத் தடவி, இரவு ஒன்பது மணிக்குள் திரும்பவேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார். அவன் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, சட்டைக்குள் ஒரு முழு ரொட்டியைச் செருகிக்கொண்டு வந்தான். நான்கு பத்து வண்டி. ரயிலில் அவன் ரொட்டியைத் தொட்டுக் காட்டித் தன் பாஷையில் அதன் பெயரைச் சொன்னான். அதிலும் அந்த ஒலி இருந்தது. அம்மாக்கண்ணு திருப்பிச் சொன்னாள். அவன் கைதட்டினான். நான் சொன்னேன். அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

குப்பத்தை அடைந்தபோது மணி ஐந்து நாற்பது. சுந்தரம் மணலில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தான். எட்டியப்பன் எங்களோடு வந்தவனைப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டான். குடிசைக்குள் கரிக்காரன் குனிந்து நுழைந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு அந்த மலைபோன்ற ஆள் குழந்தையாக விம்மி அழுதான். எங்களுக்கும் அழுகை வந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்.

கரிக்காரன் கேட்டுச் சொன்னான். இவன் கப்பலில் பாய்மரமும் கயிறும் பார்க்கிறவன்; கயிற்றில் கை மாட்டி நசுங்கிக் கடலில் விழுந்தவன். இவன் அண்ணனுக்கு யுத்தத்தில் கையில் ஒரு காயம் பட்டு, பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்த டாக்டர் கையையே எடுத்துவிட்டாராம். அதனால் டாக்டர் என்ன சத்தியம் செய்தாலும் நம்பமாட்டானாம்.

சுந்தரம் சற்று யோசித்தான். பிறகு என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவன் உள்ளங்கையில், வீங்கிப் பளபளத்த இடத்தில், மசியால் ஒரு கோடு போட்டான். ஒன்றரை அங்குலம் இருக்கும். "இவ்வளவுதான். இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கத்தி போகாது என்று சொல்லுங்கள்" என்றான். கரிக்காரன் சொன்னான். அவன் கோட்டைப் பார்த்தான், சுந்தரத்தைப் பார்த்தான், கடைசியில் அம்மாக்கண்ணுவைப் பார்த்தான்.

"நீட்டு நைனா, ஒண்ணியும் ஆவாது. நான் பக்கத்துல கீறேன்" என்றாள் அவள். அதற்கு யாரும் மொழிபெயர்ப்புச் சொல்லவில்லை. அவன் கையை நீட்டினான்.

நான் வெளியே வந்துவிட்டேன். ரத்தம் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. உள்ளே ஒரு முனகல், பிறகு சுந்தரத்தின் நீண்ட பெருமூச்சு. வெளிச்சம் போவதற்குள் கட்டுப் போட்டாயிற்று. அப்புறம் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. எட்டியப்பன் என் பக்கத்தில் வந்து குந்தினான். "நாளைக்கி மரம் எறக்கலாம்ல வாத்தியாரே?" என்று கேட்டான். இறக்கலாம் என்றேன்.

கோயிலைப் பார்த்தேன், கடலிலும் குளித்தேன். ஆனால் மீதி விடுமுறையில் பாதி நாள் குப்பத்தில்தான் கழிந்தது. மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. ஏழாம் நாள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. சுண்டுவிரல் மட்டும் அடம்பிடித்து ஒன்பதாம் நாள் மடங்கிற்று. அவனை ஊருக்கு அனுப்பக் கருங்கடல் பக்கம் போகும் கப்பலுக்குச் சொல்லிவைத்தாயிற்று. எங்கள் கல்லூரியின் வெள்ளைக்கார முதல்வர் பதினோரு வருஷமாகத் தமிழ்நாட்டில் இருக்கிறார். நம் ஊர்ப் பெயர் ஒன்றையாவது உதட்டைக் குவிக்காமல் முடிக்க அவருக்கு இன்னும் வரவில்லை. இவனோ, 'அம்மாக்கண்ணு' என்று கூப்பிட்டால் பக்கத்துக் குடிசைக்காரன் கூப்பிடுகிறான் என்றே நினைக்கலாம்.

பன்னிரண்டாம் நாள் விடைபெறப் போனேன். அவன் எட்டியப்பனோடு உட்கார்ந்து வலையில் அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தான். வலது கையால்தான் முடிந்தான். என்னைக் கண்டதும் எழுந்து அந்தக் கையையே நீட்டினான். புண்ணாயிற்றே என்று நான் பயந்து பயந்து விரல் நுனியைக் கொடுத்தேன். அவன் என் கையை முழுதாக வாங்கி ஒரு பிடி பிடித்தான் பாருங்கள், எலும்பு நொறுங்கியதுபோல இருந்தது. ஐயோ என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எழும்பூரில் ரயிலேறி, விழுப்புரம் தாண்டும் வரைக்கும் அந்த விரல்கள் வலித்துக்கொண்டே இருந்தன. வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டே போனேன்.